ஸ்பீக்கர் அக்காவின் கால்கள்

பேருந்து நிலையத்தில் அவளுக்கு ஸ்பீக்கர் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பழக்கடைக்காரர், அவளைவிட வயதில் மூத்த துப்புரவுக்காரர் என்று எல்லாருக்கும் அவள் அக்காதான். நடைமேடைகளுக்கு நடுவே, மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறை அவளுடையது. ஒரு மேசை, மேசையோடு திருகி இறுக்கிய மைக், ஒரு நாற்காலி. துறைமுக வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, மலைப்பாதை வண்டி ஏன் இன்னும் வரவில்லை, பச்சைப் பையைத் தவறவிட்டவர் எங்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு வார்த்தையும் தண்ணீரில் அலசி எடுத்ததுபோல இருக்கும். "அக்கா கூப்பிட்டா நின்னுபோன வண்டிகூட கிளம்பிடும்" என்பார் துறைமுக வண்டி ஓட்டுநர். அந்தக் கேலியில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

வெளியே நிற்பவர்களுக்கு அவள் இடுப்புக்கு மேலேதான் தெரிவாள். அது நல்லதாகப் போயிற்று. இடுப்புக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது வேறு கதை.

நாற்பதைத் தாண்டிய பிறகு தொடங்கியது அது. வெயில் சாயும் நேரத்தில், உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனதும், கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர ஆரம்பிக்கும். வலி என்று சொல்ல முடியாது. அரிப்பும் இல்லை, மரத்துப்போவதும் இல்லை. எலும்புக்கும் சதைக்கும் நடுவே எறும்பு புற்று வைத்ததுபோல ஒரு குடைச்சல். காலை உதறினால் அந்த நொடி நிற்கும், அடுத்த நொடி மறுபடி வரும். எழுந்து நாலு எட்டு நடந்தால் அப்பாடா என்றிருக்கும். உட்கார்ந்தால் போச்சு. மேல்பாதி "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று பூப்போலப் பேசிக்கொண்டிருக்க, கீழ்ப்பாதி செருப்பைக் கழற்றி மாட்டி, ஒரு காலால் மற்றொன்றை மிதித்து, மேசைக் கட்டையை உதைத்து, தனியாக ஒரு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. டிக்கெட் கவுண்டரில் இருந்த தோழி, "காலாட்டுற பழக்கம்டி அது. எங்க அம்மா பார்த்திருந்தா தொடையிலேயே ஒண்ணு போட்டிருப்பாங்க" என்று சிரித்தாள். நிலையத்துக்கு எப்போதாவது வந்துபோகும் மருத்துவர் முட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, கவலையைக் குறைங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒன்றுமில்லாத ஒன்றுக்காக மறுபடி போய் நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் அதைவிடப் பெரிய கூச்சம். கணவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர். தூக்கம் கெட்டால் மறுநாள் கை நடுங்கும், கோடு கோணும், ஆளுயரக் கண்ணாடி பாழாகும். தூக்கத்தில் அவள் கால்கள் அவரை உதைத்தன. உதைத்தது அவளுக்கே தெரியாது. காலையில் அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். கொஞ்ச நாள் பொறுத்தவர் ஒருநாள் தலையணையை எடுத்துக்கொண்டார்.

"கோவமெல்லாம் இல்ல. நாளைக்குப் பெரிய கண்ணாடி ஒண்ணு வெட்டணும், அதான்."

அந்த நாளைக்கு முடியவே இல்லை. கூடத்தில் ஏற்கெனவே கட்டில் போட்டுப் படுத்திருந்தவர் அவளுடைய மாமனார். மகன் வந்து பக்கத்தில் பாயை விரித்ததைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ என்று அவர் நினைத்துக்கொள்கிறார் என்பதே அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. காலையில் தேநீர் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை மட்டும் பார்ப்பாள்.

மாமனார் லேசுப்பட்ட ஆள் இல்லை. பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைக் கட்டிக் காத்தவர். எந்தத் திருகு எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எதற்குப் பின்னால் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஓய்வுபெற்று வந்த பிறகு வீட்டையே கிடங்காக்கிக்கொண்டார். "மாமா, நகவெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டால் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "ரெண்டாவது இழுப்பறை, பழைய டார்ச்சுக்குப் பின்னாடி" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். மனைவி இறந்த பிறகு அவருக்கு மிஞ்சிய சொத்து அந்த ஞாபகம்தான். பூங்காவில் கூடும் கிழவர் கூட்டத்தில் யாராவது தேதியையோ பெயரையோ தப்பாகச் சொன்னால் திருத்துவது அவர் வேலை. அதனாலேயே அவரை அங்கே பாதிப் பேருக்குப் பிடிக்காது.

அவர் விளக்கு மாற்ற ஸ்டூலில் ஏறிக் கீழே விழுந்தார். எலும்பு தப்பித்தது, முதுகு பிடித்துக்கொண்டது. தசைப்பிடிப்பைத் தளர்த்த ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ரொம்ப வலித்தால் மட்டும், படுக்கும்போது ஒன்று. அட்டையை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக் கட்டிலடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல மாத்திரைம்மா" என்றார் ஒருநாள் அவளிடம். "போட்டா உடம்பு பஞ்சு மாதிரி ஆயிடுது. கை எங்க, காலு எங்கன்னே தெரியல."

காலு எங்கன்னே தெரியல. அந்த வார்த்தை அவளோடு பேருந்து நிலையம் வரைக்கும் வந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கட்டை விரலால் மறுகாலைக் கிள்ளிக்கொண்டிருந்தபோதும் அதே வார்த்தைதான். கால் எங்கே என்று தெரியாமல் ஒரு பொழுது இருக்க முடிந்தால்!

கேட்டிருக்கலாம். "மாமா, எனக்கு ஒண்ணு குடுங்க" என்றால் கொடுத்திருப்பார். ஆனால் எதற்கு என்று கேட்பார். காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலைப் பற்றிச் சொன்னால் கூடத்தில் விரித்த பாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமனாரிடம் படுக்கையறைப் பேச்சு பேசுவதைவிட எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. அவர் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தாள். எடுக்கும்போது அந்த அட்டை எழுப்பிய படக்கென்ற சத்தத்துக்கு அவளே துள்ளி விழுந்தாள்.

மாத்திரை வேலை செய்தது என்றும் சொல்லலாம், செய்யவில்லை என்றும் சொல்லலாம். குடைச்சல் போகவில்லை. ஆனால் அது பக்கத்து வீட்டில் நடக்கும் சண்டைபோலத் தூரத்தில் கேட்டது. அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். காலையில் தலை கனத்தது, வாய் வறண்டது. இருந்தாலும் தூங்கினாளே! எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கண்ணாடியில் பார்க்கும்படியான முகம். அதனால் மறுபடி எடுத்தாள். பிறகு மறுபடி.

ஒருநாள் காலை மாமனார் கட்டிலில் உட்கார்ந்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நேத்து நான் மாத்திரை போட்டேனா?"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடவில்லை. திரும்பவும் இல்லை.

"போட்டிருப்பீங்க மாமா."

"போட்ட மாதிரி ஞாபகமே இல்லையே."

"அசதியில போட்டிருப்பீங்க."

அவர் ம் என்றார். அட்டையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மூடி, மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். உண்மையைச் சொல்ல அப்போதுகூட நேரம் இருந்தது. ஒரு வாய் வார்த்தைதான். ஆனால் பொய் சொல்லி முடித்த வாய்க்கு அடுத்த நொடியே உண்மை வராது.

அதற்கப்புறமும் அவள் நிறுத்தவில்லை. அதைத்தான் பிற்பாடு அவளாலேயே மன்னிக்க முடியவில்லை. அவர் குழம்பியது தெரிந்த பிறகும் கை அந்தப் பெட்டிக்குப் போயிற்று.

மாமனாரிடம் மெல்ல ஒரு மாற்றம் வந்தது. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து பார்த்தார். நகவெட்டி எங்கே என்று மகன் கேட்டபோது, "எதுக்கும் நீயே தேடிப் பாரு" என்றார். அது பழைய டார்ச்சுக்குப் பின்னாலேயே இருந்தது. பூங்காவில் ஒருவர் வருஷத்தைத் தப்பாகச் சொன்னாராம், இவர் திருத்தவில்லையாம். பிறகு பூங்காவுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார். வழியை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். வீட்டுச் சாவிக்கொத்தை ஒருநாள் மகன் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கப்பா. நான் எங்கயாவது போட்டுருவேன்."

அவள் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

பேருந்து நிலையத்தில் மாலை முறை அவளுக்குக் கண்டம். ஒரு விடுமுறைக்கு முந்தின நாள். நிலையம் கொள்ளாத கூட்டம். எழுந்து நடக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது என்று தெரிந்து, வேலைக்குக் கிளம்பும்போதே மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். போதாதென்று தோன்றி இன்னொன்றும்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. கால்கள் அடங்கின. பிறகு நாக்கும் அடங்கியது. "துறைமுகம் செல்லும் பேருந்து" என்று அவள் சொன்னது ஸ்பீக்கரில் "துழைமுகம் செழ்ழும்" என்று வந்தது. அவளுக்கே கேட்டது. திருத்திச் சொல்ல முயன்றாள். நாக்கு வாய்க்குள் ஈரத்துணிபோலக் கிடந்தது. வெளியே சிலர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று கையை மடக்கி மேசையில் வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்தாள். மைக்கை அணைக்க மறந்துபோனாள்.

அடுத்து நடந்ததை அவள் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டாள். எல்லா நடைமேடையிலும், காத்திருப்புக் கூடத்திலும், கழிப்பறையிலும், வாசலில் வண்டி நிறுத்துமிடத்திலும் ஒரே நேரத்தில் குறட்டை கேட்டிருக்கிறது. நல்ல கனமான, நிதானமான குறட்டை. முதலில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்தார்களாம். பிறகு யாரோ ஒருவர் கண்ணாடி அறையைக் காட்டினார். கூட்டம் கூடியது. போன்கள் வெளியே வந்தன. இதற்கிடையே துறைமுக வண்டி அறிவிப்பில்லாமலே கிளம்பிப் போக, அதற்காகக் காத்திருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு நடைமேடையில் நின்றார்கள். அதில் ஒருவர் வந்து கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தார்.

அவள் கண் திறந்தபோது மூன்று பக்கமும் முகங்கள். கண்ணாடியில் மூக்கு நசுங்கிய முகங்கள், சிரிக்கும் முகங்கள், போனுக்குப் பின்னால் பாதி தெரிந்த முகங்கள். "என்னங்க?" என்று கேட்டாள். அதுவும் நிலையம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு ஓவென்று எழுந்தது.

நிலைய அலுவலர் அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான். அவளைவிட வயதில் சின்னவர்.

"அக்கா, இதைக் கேக்கவே எனக்கு வாய் வரல. குடிச்சிருந்தீங்களா?"

அவள் தலைகுனிந்து தரையைப் பார்த்தாள். இல்லை என்றால் பின்னே என்ன என்பார். மாத்திரை என்றால் யார் கொடுத்தது என்பார்.

"தூக்கம் வந்துடுச்சு சார்."

"நாக்குக் குழறுச்சே. எல்லாரும் கேட்டாங்களே."

அவர் பெருமூச்சு விட்டு, கொஞ்ச நாளைக்கு மைக் பக்கம் வரவேண்டாம், தொலைந்த பொருள் அறையில் இருங்கள் என்றார். அவள் சரி என்றாள். குடிகாரி என்ற பெயரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் அந்தப் பெயர், திருடி என்ற பெயரைவிட அந்த நேரத்தில் லேசாக இருந்தது.

அவள் வீடு போய்ச் சேருமுன் குறட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் யாரோ கணவரிடமே காட்டியிருக்கிறார்கள், அது அவர் மனைவி என்று தெரியாமல். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றிருந்தார்.

"குடிச்சியா?"

"இல்லைங்க."

"அப்போ என்ன அது? கடையில விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், தெரியுமா? வேற என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சேன்."

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். கட்டிலில் இருந்து மாமனார் எழுந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"டேய், என் மருமக குடிக்கிறவ இல்ல. தூங்காம வேலைக்குப் போனா யாருக்கும் நாக்குக் குழறத்தான் செய்யும். அவ எத்தனை நாளா தூங்காம அலையுறான்னு உனக்குத் தெரியுமா? நான் ஒருத்தன் கூடத்துல கெடக்கேன், எனக்கு அவ நடக்கிற சத்தம் கேக்குது. உனக்குக் கேக்கல." பிறகு அவளைப் பார்த்தார். "நான் வந்து உங்க ஆபீசர்கிட்டப் பேசட்டுமாம்மா? பணிமனையில என்னை எல்லாருக்கும் தெரியும்." குரல் இறங்கியது. "ஆனா இப்ப எனக்கே ஞாபகம் சரியில்ல. நான் பேசினா எடுபடுமோ என்னவோ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பரிந்து பேசியதுதான் அவளைக் கூனிக் குறுக வைத்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையை வாயில் வைத்து அழுதாள். மாத்திரைப் பெட்டியை அதற்குப் பிறகு அவள் தொடவில்லை. தொடாததால் ஒன்றும் சரியாகிவிடவில்லை.

தொலைந்த பொருள் அறையில் குடைகள், ஒற்றைக் கையுறை, யாரோ மறந்துவிட்டுப் போன பல்செட், இவற்றோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கே நடக்க இடம் இருந்தது. வாசலைக் கடக்கும் சிலர் வேண்டுமென்றே குறட்டை விட்டுக்கொண்டு போனார்கள். துறைமுக வண்டி ஓட்டுநர் மட்டும் எட்டிப் பார்த்து, "என்னக்கா, நீங்க இல்லாம என் வண்டி கிளம்பவே மாட்டேங்குது" என்றார். அன்றைக்கு அந்தக் கேலி முகத்தில் அறைந்தது. குடைகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

கணவர் தன் அப்பாவை ஞாபகமறதிக்குப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். அவளையும் வரச் சொன்னார். "வீட்ல அவரோட அதிகமா இருக்கிறவ நீதானே, கேட்டா சொல்லுவே."

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார். மாமனார் சொன்னார். சில பொருள்களின் பெயரைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்டார். மாமனார் வரிசை மாறாமல் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்து, அதில் அப்போதைய நேரத்தையே முள்ளாகப் போட்டுக் காட்டினார்.

"ஐயா, உங்க புத்தி கத்தி மாதிரி இருக்கு. எதை வச்சு மறதின்னு சொல்றீங்க?"

"இல்லம்மா, உங்களுக்குத் தெரியாது." மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஆயுசு பூராவும் மற்றவர்களைத் திருத்தியவர் இப்போது தன்னை நம்பச் சொல்லிக் கெஞ்சினார். "மாத்திரையைப் போடறேன், போட்டது எனக்கு நினைவே இருக்கிறதில்ல. அட்டையைப் பார்த்தா இல்ல. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. நேத்து மாத்திரையை மறக்கிறவன் நாளைக்கு எம் மகன் முகத்தை மறக்க மாட்டேனா? எங்க அண்ணனும் கடைசியில இப்படித்தான் போனாரு. என்னை ஏமாத்தாதீங்க. எந்த அளவுக்கு முத்தியிருக்குன்னு சொல்லிடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் அவர் தோளில் கை வைத்தார். அவள் இருவருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. மருத்துவர் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"மாத்திரை. அவரு போடல. நான் எடுத்துப் போட்டுக்கிட்டேன். அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல... அதுவும் அதனாலதான். அவரு மறக்கல. அவருக்கு மறதியே இல்ல."

ஊருக்கே அறிவித்த அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. மாமனார் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி. ஒரு கணம் அது தெரிந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது.

"நான் உன்கிட்டக் கேட்டேனே" என்றார். "நேத்துப் போட்டேனான்னு கேட்டேனே. போட்டிருப்பீங்கன்னு சொன்னியே."

"ஆமா மாமா."

"என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிட்டியே."

அவர் எழுந்தார். மகன் பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டுத் தானாக வெளியே நடந்தார். கணவர் மனைவியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்பாவின் பின்னால் போனார்.

அவளும் போகத் திரும்பினாள். மருத்துவர், "உக்காருங்க" என்றார். "எதுக்கு எடுத்தீங்க?"

அந்த அறையில் இனிக் காப்பாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ எல்லாவற்றையும் சொன்னாள். எறும்பு, குடைச்சல், மேசைக்கட்டை, கூடத்துப் பாய். சிரிப்பார் என்று பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. சாயங்காலத்தில்தானே அதிகம், உட்கார்ந்தால்தானே வரும், நடந்தால் போய்விடும் இல்லையா என்று அவளுக்கு முன்னாலேயே சொன்னார். மாதவிலக்கு எப்படி என்று கேட்டார். சில வருஷமாகவே அளவுக்கு மீறிப் போகிறது என்றாள். அதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"இது நிஜமான வியாதிதாங்க. ஓயாத கால்னு வச்சுக்குங்க. பலருக்கு இருக்கு, வெளியில சொல்றதில்ல. அந்த மாத்திரை தசையைத் தளர்த்தும். உங்க பிரச்சினை தசையில இல்லையே. அது உங்களை மயக்கிப் போட்டுச்சு, அவ்வளவுதான். இன்னொருத்தருக்குக் குடுத்த மாத்திரையை இனிமே தொடாதீங்க. உடம்புல இரும்புச்சத்து கொறைஞ்சாலும் இது வரும். முதல்ல ரத்தத்துல அது எவ்வளவுன்னு பார்ப்போம்."

பார்த்தார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பு சுத்தமாக இல்லை, பானையின் அடி தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ரத்தப்போக்குக்கு வேறு மருத்துவரிடம் அனுப்பினார்கள், சாயங்காலத் தேநீரை நிறுத்தச் சொன்னார்கள். ஒரே நாளில் குணமாகிவிடாது, மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அப்படித்தான் ஆயிற்று.

நிலைய அலுவலரிடமும் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "குடிக்கல சார். வேற ஒருத்தர் மாத்திரையைச் சொல்லாம எடுத்துப் போட்டுக்கிட்டேன்." "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார் அவர். கால் சரியானதும் மைக்குக்கு வரலாம் என்றார். வந்தாள். முதல் நாள் அவள் வாயைத் திறந்ததும் எங்கோ ஒருவன் குறட்டை விட்டான், நாலுபேர் சிரித்தார்கள். காது மடல் எரிந்தது. துறைமுக வண்டி மூன்றாம் நடைமேடையில் நிற்கிறது என்று முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மைக்கிலிருந்து கையை எடுத்தாள். மைக்கை அணைத்தோமா என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

கணவருக்குக் கொஞ்ச காலம் கோபம் தீரவில்லை. ஒருநாள் அவளுடைய மருந்தை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்து, "காலுன்னு என்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?" என்றார். உதை குறைந்த பிறகும் பாய் கூடத்திலேயே இருந்தது. பிறகு ஒருநாள் அவராகவே தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மாமனார்தான் மன்னிக்கவில்லை. காலில் விழுந்து கேட்கப் போனாள், காலை மடக்கிக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டார். வீட்டில் அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினார். தேநீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "தேநீர் இருந்தா நல்லாருக்கும்" என்பார். சாவிக்கொத்தை மகனிடமிருந்து திருப்பி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பூங்காவுக்குப் போக ஆரம்பித்தார், தேதிகளைத் திருத்த ஆரம்பித்தார், பழையபடி அங்கே பாதிப் பேருக்குப் பிடிக்காதவர் ஆனார். அதெல்லாம் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீட்டில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டால் மட்டும் அவர் காதில் விழாது. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். தானே தேடுவாள். சில சமயம் நாள் முழுக்கத் தேடுவாள்.

அப்படியே குளிரும் மழையும் வந்து போயின. ஒருநாள் மாலை மூவரும் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தாட்டம், கடைசி நேரம், கணவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் கால் தொடங்கியது. முன்புபோல அவ்வளவு இல்லை. பழைய ஊர்வலத்தின் கடைசி நாலு எறும்புகள். வேறு நாளாக இருந்தால் அடுப்படியில் ஏதோ வேலை என்று எழுந்து போயிருப்பாள். அன்று ஏனோ எழுந்து அங்கேயே நடந்தாள், சுவரிலிருந்து சன்னல் வரை, சன்னலிலிருந்து சுவர் வரை.

"மறைக்குது" என்றார் மாமனார்.

அவள் நின்றாள். அவர் சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நடக்கிறதுன்னா நட. டிவிக்கு முன்னாடி நடக்காத. பந்து எங்க போச்சுன்னே தெரியல." காலால் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கொஞ்சம் இடம் விட்டார். "இப்படிப் பின்பக்கமாப் போ."

"சரி மாமா" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் போனாள். ஆட்டம் முடியும்வரை அங்கேயே நடந்துகொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நாற்காலியை மறுபடி பின்னுக்கு இழுத்து இடத்தை அடைக்கவும் இல்லை.